நோயைச் சொல்லாமலே நிரூபிக்கலாம்!

ஆபீஸில் லீவுக்குக் காரணம் கேட்டால் பலரும் என்ன செய்கிறோம்? ஸ்கேன் ரிப்போர்ட், ரத்தப் பரிசோதனை, மருந்துச் சீட்டு என்று ஃபைலையே தூக்கிக் கொடுத்துவிடுகிறோம். அவர்களுக்குத் தேவை, 'இவரால் இத்தனை நாள் வேலைக்கு வர முடியாது' என்கிற ஒரே ஒரு வரி. அதற்காக, கர்ப்பப்பையில் கட்டி இருப்பது கேன்டீன்வரைக்கும் தெரியணுமா என்ன?

'விஷயத்தைக் காட்டாமலே அது உண்மைதான்னு நிரூபிக்க முடியும்' என்கிறது கணிதம். ஷாஃபி கோல்ட்வாசர், சில்வியோ மிகாலி, சார்ல்ஸ் ராக்காஃப் மூவரும் 1985-ல் வெளியிட்ட யோசனை இது. இதைப் புரிய வைக்க, அலிபாபா குகையை உதாரணம் சொல்வார்கள்.

குகைக்குள் வழி இடது, வலது என்று பிரிகிறது. இரண்டும் ஒரே கதவில் போய் முட்டுகின்றன. கதவைத் திறக்கும் மந்திரம் உங்களுக்குத் தெரியும். ஆனால் சொல்ல மாட்டீர்கள். சரி, உள்ளே போங்கள். எந்தப் பக்கம் போனீர்கள் என்று நான் பார்க்க மாட்டேன். பிறகு, 'இடது பக்கமா வாங்க!' என்று குரல் கொடுப்பேன். மந்திரம் தெரியாதவர் ஒரு தடவை அதிர்ஷ்டத்தில் தப்பலாம். 20 தடவையும் தப்ப, சுமார் பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்புதான்! நம்பிவிடுவேன். மந்திரம் மட்டும் கடைசிவரை எனக்குத் தெரியாது.

இது கதையோடு நிற்கவில்லை. நெதர்லாந்தில் 2021 செப்டம்பர் 25 முதல் ஓட்டலுக்கும் சினிமாவுக்கும் போக கொரோனா பாஸ் தேவைப்பட்டது. 'கொரோனாசெக்' என்ற ஆப்பில், அரசின் டிஜிட்டல் கையெழுத்து போனுக்குள்ளேயே இருக்கும். அதைக் காட்டாமல், 'செல்லுபடியாகும் கையெழுத்து என்னிடம் இருக்கிறது' என்று மட்டும் போன் நிரூபிக்கும். வாசலில் ஸ்கேன் செய்பவருக்குத் தெரிவது பச்சை நிறம், பெயரின் முதலெழுத்துகள், பிறந்த நாள், மாதம். அவ்வளவே. ஊசி போட்டவரா, கொரோனா வந்து குணமானவரா, டெஸ்ட் எடுத்தவரா... மூச்! நம்ம ஊர் கோவின் சான்றிதழிலோ பெயர், வயது, ஊசியின் பெயர், போட்ட தேதி எல்லாமே அச்சாகியிருந்தது.

ஆனால், சான்று கொடுத்தவரே பொய் சொன்னால் கணிதம் என்ன செய்யும்? அடி எண்ணும் கருவியை நாயின் கழுத்தில் கட்டிவிட்டு, 'தினமும் பத்தாயிரம் அடி நடந்தேன்' என்று நிரூபிப்பவரையும் அது பிடிக்காதுங்க!

இந்த வசதி உங்கள் ஆபீஸுக்கு வரும்வரை ஒன்று செய்யலாம். சான்றிதழில் நோயின் பெயர் கட்டாயமா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால், ஓய்வு நாட்களை மட்டும் எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். எச்.ஐ.வி. விஷயத்தில் 2017-ம் வருடச் சட்டமே துணைக்கு இருக்கிறது: நீதிக்குத் தேவை என்று உத்தரவு இருந்தாலொழிய, அதைச் சொல்லும்படி யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.