ஊதி ஊதி மூச்சு போகுதா? அடுப்புக்கு புகைக் குழாய் வையுங்கள்!

வீட்டுக்கு வீடு கியாஸ் வந்து விட்டது. ஆனாலும் விறகு அடுப்பு போகவில்லை. வெந்நீர் காய்ச்ச, முறுக்கு சுட, சிலிண்டர் தீர்ந்த நாளில் சோறு பொங்க, கொல்லைப்புறத்தில் அது இன்னும் எரிகிறது.

கூடவே புகையும் வருகிறது!

இந்தப் புகை கண்ணைக் கரிப்பதோடு நிற்பதில்லை. நுரையீரலையும் கெடுக்கும். சிறு பிள்ளைகளுக்கு நிமோனியா வர வீட்டுப் புகையும் ஒரு காரணம் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது.

பழைய யோசனை

இதற்கு வழி சொன்னவர், ஐதராபாத் என்ஜினீயர் டாக்டர் எஸ்.பி.ராஜு. புகையில்லாத சமையல் அறை பற்றி 1953-ம் ஆண்டிலேயே புத்தகம் எழுதினார். அவருடைய மண் அடுப்பில் ஒரே தீயில் மூன்று பாத்திரம் வைக்கலாம். புகை, குழாய் வழியாக வெளியே போய்விடும்.

1983-ல் மத்திய அரசும் புகையில்லா அடுப்பு திட்டம் தொடங்கியது. 3 கோடிக்கும் மேல் அடுப்புகள் போடப்பட்டன. 2002-ல் திட்டம் நிறுத்தப்பட்டது. அதற்குள் பல அடுப்புகள் வெடித்து, குழாய் அடைத்து, மூலையில் கிடந்தன. கட்டியதோடு சரி, பிறகு பராமரிக்க ஆள் இல்லை!

குழாய்தான் உயிர்

சூடான காற்று மேலே ஏறும். போகும்போது புகையையும் இழுத்துக்கொண்டு போகும். குழாய் நேராகவும் உயரமாகவும் இருந்தால்தான் இந்த இழுப்பு கிடைக்கும். சுவரில் ஓட்டை போட்டு, முழம் நீட்டி விட்டால் காற்றடிக்கும்போது புகை வீட்டுக்குள்ளேயே திரும்பும்.

குழாயின் வாய் 3 அல்லது 4 அங்குலம் இருக்கலாம். கூரைக்கு மேல் 3 அடியாவது நிற்க வேண்டும். மழை இறங்காமல் உச்சியில் தொப்பி போட வேண்டும். "பழைய ஆஸ்பெஸ்டாஸ் குழாய் கிடக்குதே, அதையே வச்சுக்கலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. அதை அறுத்தால் பறக்கும் தூசி புற்றுநோய் தரும்.

ஓலைக் கூரை என்றால் இன்னும் கவனம் தேவை. சூடான குழாய் ஓலையில் பட்டால் வீடே போய்விடும்! குழாயைச் சுற்றி இடைவெளி விட்டு, தகரம் அடிக்க வேண்டும்.

மண் அடுப்பை ஈரம் காயாமல் பற்ற வைத்தால் வெடித்து விடும். நன்றாகக் காய்ந்த பிறகே தீ மூட்ட வேண்டும்.

மாதம் ஒரு தடவை

குழாயில் கரி சேரும். நீளக் கம்பில் துணியைக் கட்டி, மாதம் ஒரு முறையாவது இடித்துத் தள்ள வேண்டும். அடுப்பு ஆறியிருக்கும்போதுதான் இதைச் செய்ய வேண்டும்.

குழாய் வைத்தாலும் ஜன்னலை மூடக்கூடாது. தணல் கிடக்கும்போது குழாயையும் அடைக்கக்கூடாது. தணலில் இருந்து வரும் விஷ வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குபவரை எழுப்பாமலே கொன்றுவிடும்.

அடுப்பு கட்ட ஒருநாள் போதும். குழாயைத் துடைக்க மாதம் அரை மணி நேரம். அதைச் செய்கிற வீட்டில்தான் அடுப்பு ஊதுகிறவளுக்கு மூச்சு மிஞ்சும்.