பட்டு அந்துப்பூச்சியும் முட்டை வாத்தும்

பட்டு அந்துப்பூச்சிக்கும் காக்கி கேம்பல் போன்ற முட்டையின வாத்துக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. மனிதரிடம் வளர்ந்து இரண்டும் இயல்பான திறனொன்றை இழந்துவிட்டன. அந்துப்பூச்சி இறக்கையிருந்தும் பறக்காது. 400 முதல் 500 முட்டைகள் இட்டுச் சில நாட்களில் மடியும். வாத்து ஏராளமாக முட்டையிடும், பெரும்பாலும் அடைகாக்காது.

எனவே பொறுப்பு வளர்ப்பவருடையது. வாத்து முட்டைகளை அடைக்கோழியின் கீழ் வைக்கலாம். கோழி முட்டை பொரிய 21 நாட்கள். வாத்து முட்டைக்கு 28 நாட்கள். மூன்றாம் வாரத்தில் பொரியவில்லையென்று முட்டைகளைத் தள்ளிவிடக் கூடாது.

பட்டு முட்டையிலோ நோயே கவலை. பெப்ரைன் நோய் தாய்ப்பூச்சியிலிருந்து முட்டை வழியே புழுவுக்கு வரும். தாய்ப்பூச்சியை நுண்ணோக்கியில் சோதித்துத் தேர்ந்த முட்டைத் தொகுதிகளையே வாங்க வேண்டும். சொந்தக் கூட்டிலிருந்து முட்டை எடுத்தால் வளர்ப்பு முழுவதும் பாழாகலாம்.