பியூஸுக்குத் தெரியாத கசிவு

"பியூஸ் போகலையே, அப்புறம் எப்படி ஷாக் அடிச்சிருக்கும்?" மின்சாரம் தாக்கி ஒருவர் விழுந்துகிடக்கும் வீட்டில் யாராவது ஒருவர் இப்படிக் கேட்பார். பியூஸ், எம்.சி.பி. இரண்டும் ஆளைக் காப்பாற்ற வைத்தவை அல்ல. ஒயரைக் காப்பாற்ற வைத்தவை. ஒயர் சூடேறித் தீப்பிடிக்கும் அளவுக்கு மின்சாரம் ஓடினால்தான் அவை அறுத்துவிடும். மனிதனைக் கொல்ல அவ்வளவு தேவையில்லை.

எவ்வளவு தேவை என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாமி படத்துக்கு முன்னால் எரியும் பழைய ஜீரோ வாட் குண்டு பல்பு உண்மையில் 15 வாட் அளவில் எரிவது. 230 வோல்ட்டில் அது இழுப்பது சுமார் 65 மில்லியாம்ப். அந்த அளவு மின்சாரம் நெஞ்சு வழியாக ஓரிரு நொடி ஓடினாலே இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடக்கூடும். ஈரக்கையும் வெறுங்காலுமாக நிற்பவரின் உடல் தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கினால், அவர் வழியே பாய்வது 230 மில்லியாம்ப். இதற்கு 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையாது. ஒருவர் செத்துக்கொண்டிருப்பது அதற்கு ஒரு பல்பு எரிவதற்குச் சமம்.

"எர்த் போட்டிருக்கோமே" என்பது அடுத்த பதில். திண்டுக்கல் மாவட்டம், பழனி மலை அடிவாரத்தில் அய்யம்பாளையம் பக்கம் இருப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். மருதாநதித் தண்ணீரும் கிணறும் இருப்பதால் தென்னந்தோப்புகளின் மண் ஈரமாகவே இருக்கும். அய்யம்பாளையம் நெட்டை என்று வெளியூர்க்காரர்கள் கன்று தேடும் அளவுக்கு இங்கே தென்னை வாழ்கிறது. ஆனால் தோப்பைத் தாண்டி மேட்டுக்குப் போனாலும், மேலே பெரும்பாறை, தாண்டிக்குடி என்று ஏறினாலும் பாறையும் சரளையும்தான். அந்த நிலத்தில் தோண்டிய எர்த் குழி கோடையில் காய்ந்துபோகும். கரியும் உப்பும் போட்டது வீடு கட்டிய வருடத்தோடு சரி; அதன் பிறகு ஒரு குடம் தண்ணீர்கூட ஊற்றியவர் இருக்கமாட்டார்.

அப்படிக் காய்ந்த குழியின் தடை 25 ஓம் என்று வைத்துக்கொள்வோம். வாட்டர் ஹீட்டரின் உள்ளே பேஸ் ஒயர் கழன்று அதன் உலோக உடம்பைத் தொட்டுவிட்டது. எர்த் வழியாக ஓடுவது 230-ஐ 25-ஆல் வகுத்தால் வரும் 9 ஆம்பியர் சொச்சம். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது சாதாரண லோடு. ஆக, எர்த் இருந்தும், எம்.சி.பி. இருந்தும், ஹீட்டரின் உடம்பில் 200 வோல்ட்டுக்கு மேல் நின்றுகொண்டே இருக்கும். குளிக்கப் போகிறவர் குழாயைத் தொடும்வரை அது யாருக்கும் தெரியாது.

இந்த இடைவெளியை அடைப்பதற்கென்று வந்ததுதான் ஆர்.சி.சி.பி. ஒயர்மேன்கள் இ.எல்.சி.பி. என்றும் டிரிப்பர் என்றும் சொல்வார்கள். செய்யும் வேலை ஒன்றே ஒன்று. பேஸில் போகும் மின்சாரமும் நியூட்ரலில் திரும்பும் மின்சாரமும் சமமா என்று இடைவிடாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லியாம்ப் குறைந்தால், அது வேறு வழியில், அதாவது எர்த் வழியாகவோ ஓர் ஆள் வழியாகவோ தரைக்குப் போகிறது என்று பொருள். உடனே அறுத்துவிடும். குறித்த அளவுக்கு 300 மில்லி நொடிக்குள், அதுபோல ஐந்து மடங்கு கசிந்தால் 40 மில்லி நொடிக்குள் அறுக்க வேண்டும் என்பது தர விதி. மேலே சொன்ன காய்ந்த எர்த் குழியிலும் 9 ஆம்பியர் கசிகிறதல்லவா? ஹீட்டரில் பழுது விழுந்த அந்தக் கணமே, யாரும் தொடுவதற்கு முன்பே, லைன் போய்விடும்.

அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல் 1960-களின் தொடக்கத்தில் இந்தக் கருவியை 5 மில்லியாம்ப் அளவுக்கு நுட்பமாக்கினார். ஒயரைப் பிடித்த கை தானாக விடுபட எத்தனை மில்லியாம்ப் வரை முடியும் என்று தன்னார்வலர்களை வைத்து வருடக்கணக்கில் அளந்து பார்த்தவர் அவர். அங்கே நீச்சல் குளத்துக்கு 1968-லும், வீட்டின் வெளிப்புறப் பிளக்குகளுக்கு 1973-லும், குளியலறைக்கு 1975-லும் கட்டாயமானது. அங்கே பிளக் பாயின்ட்டிலேயே டெஸ்ட், ரீசெட் பொத்தான்கள் இருக்கும். நம் ஊரில் மெயின் போர்டில் ஒன்றை வைத்து வீடு முழுவதையும் காப்பதுதான் வழக்கம். நம் பழைய மின் விதி 5 கிலோவாட்டுக்குக் குறைந்த சாதாரண வீட்டு இணைப்புகளை இந்தக் கட்டாயத்திலிருந்து விட்டுவைத்திருந்தது. குடிசையும் ஓட்டு வீடும் அதில் விடுபட்டன. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அண்மை ஆண்டுகளில் விநியோக விதித்தொகுப்பைத் திருத்தி, வீடுகளுக்கும் 30 மில்லியாம்ப் கருவியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. தாமதம்தான். இந்தியாவில் மின்சாரம் தாக்கி இறப்பவர்கள் ஆண்டுக்கு 10,000 பேருக்கு மேல் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கே சொல்கிறது.

வாங்கும்போது மூன்றைப் பாருங்கள்: ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு 12640 என்ற எண், 30 மில்லியாம்ப் என்ற குறி, 'ஏ' வகை. எல்.இ.டி., வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் ஏ.சி. என்று எல்லாவற்றிலும் எலக்ட்ரானிக்ஸ் புகுந்துவிட்ட வீட்டுக்கு 'ஏசி' வகையைவிட 'ஏ' வகையே பொருத்தம். சிங்கிள் பேஸ் வீட்டுக்கு இரண்டு துருவம், த்ரீ பேஸுக்கு நான்கு துருவம். விலை பிராண்டைப் பொறுத்து இரண்டாயிரம் ரூபாயை ஒட்டி இருக்கும். பொருத்துவது தமிழ்நாடு மின் உரிம வாரியத்தின் தகுதிச் சான்று பெற்ற ஒயர்மேனின் வேலை. பக்கத்து வீட்டுத் தம்பிக்கு எவ்வளவு கைராசி இருந்தாலும் மெயின் போர்டில் கைவைக்க விடக்கூடாது. மெயின் சுவிட்சுக்குப் பிறகு ஆர்.சி.சி.பி., அதற்குப் பிறகு எம்.சி.பி.கள் என்பது வரிசை. ஆர்.சி.சி.பி. வைத்துவிட்டோம் என்று எம்.சி.பி.யை எடுக்கக்கூடாது, ஓவர்லோடு பார்ப்பது ஆர்.சி.சி.பி.யின் வேலை அல்ல. கருவியைத் தாண்டிய நியூட்ரல் வேறெந்த நியூட்ரலையும் எர்த்தையும் தொடக்கூடாது.

பல வீடுகளில் சிக்கல் ஆரம்பிப்பது இந்தக் கடைசி விதியில்தான். யு.பி.எஸ். இன்வெர்ட்டர் வைத்த வீட்டில் அதன் நியூட்ரலையும் மெயின் நியூட்ரலையும் சுவிட்ச் போர்டுக்குள் ஒன்றாக முறுக்கிவிட்டிருப்பார்கள். ஆர்.சி.சி.பி. வைத்த அன்றே அது விழும். தூக்கிவிட்டால் மறுபடி விழும். வந்தவர் பார்த்துவிட்டு, "உங்க வீட்டு ஒயரிங்குக்கு இது செட் ஆகாதுங்க" என்று பைபாஸ் செய்துவிட்டுப் போவார். கருவி போர்டில் இருக்கும், பச்சை விளக்குகூட எரியும், காவல் இருக்காது. கருவியே இல்லாத வீட்டைவிட இது மோசம் என்பேன். இல்லாதவர் கொஞ்சம் பயந்தாவது நடந்துகொள்வார்.

டிரிப் ஆவது கருவியின் கோளாறு என்று எடுத்துக்கொள்வதற்கு முன் அது என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும். எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாகத் தூக்கினால், எந்த லைனில் விழுகிறது என்று தெரிந்துவிடும். மழைக்காலத்தில் மட்டும் விழுந்தால் வெளிச்சுவரில் இருக்கும் பாயின்ட்டுக்குள் தண்ணீர் இறங்குகிறது. ஹீட்டர் போட்டதும் விழுந்தால் அதன் காயில் கசிகிறது. கிரைண்டர் தொட்டால் "லேசா சுர்ருங்குது" என்று ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு மாவாட்டும் வீடுகளில், கருவி வைத்ததும் முதலில் மாட்டுவது அந்தக் கிரைண்டர்தான். அது விழுந்ததில் என்ன தப்பு? ஒயர்மேனிடம் கேட்க வேண்டியது "இதை எப்படி நிறுத்துவது" என்பதல்ல, "எங்கே கசிகிறது" என்பது. நியூட்ரலைப் பிரித்துக் கட்ட அரை நாள் கூலி அதிகமாகக் கேட்டால் கொடுத்துவிடலாம்.

இன்வெர்ட்டரில் இன்னொரு கண்ணியும் உண்டு. கரண்ட் போன நேரத்தில் மின்சாரம் வருவது பாட்டரியிலிருந்து. மெயினில் இருக்கும் ஆர்.சி.சி.பி. அந்த லைனைப் பார்ப்பதில்லை. மலைமேல் காற்றடித்து மரம் விழுந்தால் மணிக்கணக்கில் சப்ளை இல்லாமல் இருக்கும் இந்தப் பகுதியில், இன்வெர்ட்டரிலிருந்து லைன் வெளிவரும் இடத்திலும் தனியாக ஒன்று வைத்தால்தான் கணக்கு முழுமையாகும்.

மாதம் ஒருமுறை டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். விழவில்லை என்றால் மாற்றுங்கள். அந்தப் பொத்தான் கருவியைத்தான் சோதிக்கும், எர்த் குழியை அல்ல. குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் அளந்து பார்ப்பதும் தனி வேலை. எர்த் ஒயர் இழுக்கச் சோம்பல்பட்டு, த்ரீ பின் பாயின்ட்டில் நியூட்ரலையே எர்த் ஓட்டையில் இணைத்துவிடும் வேலை இன்னும் நடக்கிறது. நியூட்ரல் எங்காவது அறுந்த அன்று பிரிட்ஜ், வாஷிங் மெஷின் உடம்பெல்லாம் பேஸ் ஏறிவிடும்.

கருவியால் ஆகாததையும் சொல்லிவிட வேண்டும். ஒரு கையில் பேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தால், போவதும் வருவதும் சமம். கருவி உங்களையும் ஒரு பல்பாகவே எண்ணும். மின்வாரியத்தின் மேல்கம்பியை இது பார்க்காது. 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் சப்பரம் உயரழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தபோது எந்த வீட்டின் ஆர்.சி.சி.பி.யும் எதுவும் செய்திருக்க முடியாது. தோப்புக்காரர்களுக்கு நேரடியான ஆபத்து அலுமினியக் கம்பில் கட்டிய தேங்காய்த் துரட்டி. கம்பி போகும் வரிசையில் அதைத் தூக்கவே கூடாது. காய்ந்த மூங்கில் கனம் என்றாலும் அதுவே மேல். அது ஈரமாக இருந்தால் அதுவும் ஆகாது.

மோட்டார் ரூமிலிருந்து நேரே கம்பி இழுத்துப் பன்றிக்கும் யானைக்கும் வேலி போடுவது குற்றம். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே அப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தப்பின. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு மின்வேலிகளைப் பதிவு செய்வதற்கென்று விதிகளே கொண்டுவந்தது. இப்படிப்பட்ட வேலியில் செத்த ஆட்களும் ஏராளம், அதில் வேலி போட்டவரே பலர்.

இனி உரிமை. இதில் மீட்டர்தான் எல்லை. மீட்டருக்கு அந்தப் பக்கம், அதாவது கம்பம், கம்பி, டிரான்ஸ்பார்மர், சர்வீஸ் ஒயர் எல்லாம் மின் பகிர்மானக் கழகத்தின் பொறுப்பு. மத்தியப் பிரதேச மின்வாரியத்துக்கு எதிரான ஷைல் குமாரி வழக்கில் 2002-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. மழை இரவில் சைக்கிளில் வந்தவர் சாலையில் கிடந்த கம்பியில் பட்டு இறந்தார். யாரோ திருட்டுத்தனமாக இழுத்த கம்பி என்று வாரியம் வாதிட்டது. ஆபத்தான பொருளைக் கையாள்பவர் கவனக்குறைவு இல்லாவிட்டாலும் பொறுப்பாளிதான் என்று சொல்லி நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அதனால் தாழ்ந்து தொங்கும் கம்பி, சாய்ந்த கம்பம், ஷாக் அடிக்கும் ஸ்டே கம்பி எதைக் கண்டாலும் மின்னகம் 94987 94987-இல் புகார் சொல்லி, புகார் எண்ணை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அசைவில்லை என்றால் வட்ட அளவிலான நுகர்வோர் குறைதீர் மன்றம், அதற்கு மேல் மின்குறை தீர்ப்பாளர். நாளைக்கு அதே கம்பி அறுந்து விழுந்தால் அந்த எண் பெரிய சாட்சி.

மீட்டருக்கு இந்தப் பக்கம் நடப்பதற்குப் பெரும்பாலும் யார்மேலும் வழக்குப் போட முடியாது. ஒயரிங் உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையது. வாடகை வீடாக இருந்தால் ஆர்.சி.சி.பி. வைக்கச் சொல்லி வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். தங்கும் விடுதி நடத்துபவர்கள் அறைக்கு அறை ஹீட்டர் வைத்துவிட்டு ஆர்.சி.சி.பி.யை மட்டும் விட்டால், விருந்தாளிக்கு ஏதும் ஆனால் நுகர்வோர் ஆணையத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

விபத்து நடந்துவிட்டால் முதலில் மெயினை இறக்குங்கள். இறக்க முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் தள்ளுங்கள், வெறுங்கையால் தொடாதீர்கள். மூச்சும் துடிப்பும் இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் அழுத்திக்கொண்டே 108-ஐ அழையுங்கள். எழுந்து உட்கார்ந்து "ஒன்னுமில்ல" என்று சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இ.சி.ஜி. எடுங்கள். இறப்பு என்றால் போலீஸ் புகாரும் உடற்கூறாய்வும் இல்லாமல் அடக்கம் செய்துவிடாதீர்கள்; இழப்பீடு கேட்க அவையே அடிப்படை. மின்சாரச் சட்டம் 2003-இன் 161-ஆம் பிரிவுப்படி மின் ஆய்வாளர் விசாரித்து அறிக்கை தர அரசு உத்தரவிடலாம். அந்த அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். உயிரிழப்புக்கான சிவில் வழக்கை இறந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். திண்டுக்கல் மாவட்டத்தார் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனுவும் போடலாம். வழக்கறிஞருக்குப் பணமில்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக ஒருவரை ஏற்பாடு செய்து தருவார்கள். பெண்களுக்கு இதில் வருமான வரம்பு கிடையாது.