நாலு கம்பி போதாதா?

மாசிமகத் தீர்த்தவாரி நடக்கும் வைத்திக்குப்பத்துக்காரன் நான். கல்யாணக் கச்சேரிகளில் பேஸ் கிடார் வாசிக்கிறேன். ஆறு கம்பி பேஸைத் தூக்கிப் போனால் தபேலா அண்ணன், "என்ன தம்பி, வீணையா?" என்பார்.

1951இல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த பேஸுக்கு நாலே கம்பி. 1975இல் பேஸ் கலைஞர் ஆந்தனி ஜாக்சன் ஆறு கம்பியில் செய்யச் சொல்லி வாங்கினார். நாலா ஆறா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை.

நாலில் தடித்த கம்பி நொடிக்குச் சுமார் 41 முறை அதிரும். அதற்கும் கீழே சேர்க்கும் கம்பி, 31. மண்டப ஸ்பீக்கரில் அது வெறும் உறுமல்தான். கழுத்தும் அகலும், வாசிக்காத கம்பிகளை விரலால் அடக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

பேரியாழுக்கு 21 நரம்பு வைத்த நமக்கு எண்ணிக்கையா புதிது? மாண்டலின் ஸ்ரீநிவாஸோ எட்டுக் கம்பியை ஐந்தாக்கித்தான் கமகம் பிடித்தார்.

இளையராஜா பாட்டுக்கு எனக்கு நாலு போதும். பாடகர் சுருதியை இறக்கச் சொல்லும் இரவுகளில் மட்டும் ஆறு கம்பியை எடுக்கிறேன்.