படம் மங்குவது ஏன்? நிலைப்படுத்தும் நுட்பமும் வாங்குவோரின் உரிமையும்

சிறிய கேமராக்களின் அட்டைப்பெட்டிகளில் தவறாமல் அச்சிடப்படும் சொற்களுள் ஒன்று 'இமேஜ் ஸ்டெபிலைசேஷன்' என்பது. தமிழில் பிம்ப நிலைப்படுத்தல் என்று இதைக் குறிப்பிடலாம். கேனன் நிறுவனம் இதனை ஐ.எஸ். என்றும், நிக்கான் வி.ஆர். என்றும், பானசோனிக் ஓ.ஐ.எஸ். என்றும், சோனி ஸ்டெடிஷாட் என்றும் அழைப்பதால், ஒரே நுட்பம் நான்கு வெவ்வேறு வசதிகளைப் போலத் தோன்றுவதும் உண்டு. இந்த நுட்பம் மங்கிய படங்களைக் குறைக்கிறதா என்ற கேள்விக்கு ஆம் என்பதே விடை. ஆனால் படம் மங்குவதற்கான மூன்று முதன்மைக் காரணங்களுள் ஒன்றை மட்டுமே அது தீர்க்கிறது என்பதும், மற்ற இரண்டையும் சேர்த்துத் தீர்ப்பதாக விளம்பரங்கள் உணர்த்துவதே பலரின் ஏமாற்றத்துக்கு வேர் என்பதும் அந்த விடையோடு சேர்த்துச் சொல்லப்பட வேண்டியவை.

முதற்காரணம் கேமராவைப் பிடித்திருக்கும் கையின் நடுக்கம். இரண்டாவது படமெடுக்கப்படும் ஆளோ பொருளோ அசைவது. மூன்றாவது ஃபோகஸ், அதாவது கூர்மைப் புள்ளி, வேறிடத்தில் விழுவது. படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் இவற்றைப் பிரித்தறிவது கடினமன்று. கைநடுக்கத்தால் மங்கிய படத்தில் சுவர், முகம், விளக்கு என எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருக்கும். சிறு விளக்குகள் புள்ளிகளாக இல்லாமல் புழு நெளிந்தாற்போன்ற கோடுகளாகத் தெரியும். ஆள் அசைந்ததால் மங்கிய படத்தில் பின்புலம் தெளிவாக இருக்க, அசைந்த உருவம் மட்டும் கரைந்திருக்கும். ஃபோகஸ் பிழைத்த படத்தில் முகம் மங்கியிருந்தாலும், அதற்கு முன்னோ பின்னோ உள்ள ஏதோ ஒன்று துல்லியமாக இருக்கும். லென்ஸின்மீது படிந்த விரல்ரேகை படம் முழுவதிலும் ஏற்படுத்தும் புகைமூட்டத்தை நான்காவது காரணமாகக் கூறலாம். அதற்கு மருந்து ஒரு மெல்லிய துணி.

கேமராவின் ஷட்டர் திறந்திருக்கும் சிறு கால அளவில் உள்ளே விழும் ஒளியே படமாகிறது. வெளிச்சம் குறையக் குறைய அந்தக் கால அளவு நீள வேண்டியிருக்கிறது. நீளும்போது அதற்குள் கை அசைவதற்கான வாய்ப்பும் வளர்கிறது. முழுச்சட்ட (ஃபுல் ஃபிரேம்) படலத்துக்கு ஈடாகக் கணக்கிடப்படும் குவியத்தூரம் எத்தனை மில்லிமீட்டரோ, அத்தனையில் ஒரு பங்கு வினாடியைவிட மெதுவாக ஷட்டரை இயக்கக்கூடாது என்பது ஒளிப்படக்காரர்களிடம் நெடுங்காலமாக வழங்கிவரும் அனுபவ விதி. அதன்படி 25 மில்லிமீட்டர் அகலக் கோணத்தில் 1/25 வினாடி போதும். ஜூம் செய்து 100 மில்லிமீட்டருக்குச் சென்றால் 1/100 வினாடி தேவைப்படும், ஏனெனில் ஜூம் காட்சியைப் பெரிதாக்கும்போது நடுக்கத்தையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. சிறிய கேமராக்கள் இந்த வகையில் இரட்டை இடர்ப்பாடு உடையவை. எடை குறைவாதலால் கையின் அதிர்வை அவை எளிதில் ஏற்றுக்கொள்கின்றன. கண்ணோடு அணைத்துப் பார்க்கும் காட்சித்துளை பெரும்பாலும் இல்லாததால், கைகளை நீட்டிப் பிடித்துத் திரையைப் பார்த்தே படமெடுக்க வேண்டியிருக்கிறது.

நிலைப்படுத்தும் நுட்பம் இந்த நடுக்கத்தை எதிரசைவால் ஈடுசெய்கிறது. கேமரா எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் திரும்புகிறது என்பதைக் கைரோ என்னும் நுண்ணிய சுழற்சியுணரி தொடர்ந்து அளக்கிறது. அந்த அளவுக்கு ஏற்ப லென்ஸுக்குள் மிதக்கும் ஒரு கண்ணாடிக்கூறு மின்காந்தத்தால் எதிர்த்திசையில் நகர்த்தப்பட, பிம்பம் ஒளியைப் பதிவுசெய்யும் சென்சாரின்மீது ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கிறது. நிக்கான் 1994இல் வெளியிட்ட ஜூம் 700 வி.ஆர். என்னும் படச்சுருள் கேமரா இவ்வசதி பெற்ற தொடக்ககாலச் சிறு கேமராக்களுள் ஒன்றாகும். அடுத்த ஆண்டே கேனன் தன் எஸ்.எல்.ஆர். கேமராவுக்கான 75-300 மில்லிமீட்டர் லென்ஸில் இதனைப் புகுத்தியது. லென்ஸுக்குப் பதிலாகச் சென்சாரையே நகர்த்தும் முறை 2003இல் கோனிகா மினோல்டாவின் டிமாஜ் ஏ1 கேமராவில் வந்தது. இவ்விரு முறைகளுமே மெய்யான நிலைப்படுத்தல்கள். இரண்டிலும் ஒரு பொருள் உண்மையாகவே நகர்கிறது. எதுவும் நகராத முறைகளிலிருந்து இவற்றைப் பிரிக்கும் இந்த வேறுபாடு பின்னர் முக்கியமாகிறது.

பயன் எவ்வளவு என்பதை 'ஸ்டாப்' என்னும் அலகில் கூறுவது வழக்கம். ஒரு ஸ்டாப் என்பது ஷட்டர் திறந்திருக்கும் நேரம் இரண்டு மடங்காவதைக் குறிக்கும். ஆகவே மூன்று ஸ்டாப் பயன் என்றால் எட்டு மடங்கு நேரம், அதாவது 1/100 வினாடி தேவைப்பட்ட இடத்தில் 1/12 வினாடியிலும் கைப்பிடியில் தெளிவான படம் பெறலாம் என்று பொருள். ஜப்பானின் கேமரா மற்றும் பிம்பக்கருவி உற்பத்தியாளர் சங்கமான சிபா, அதிரும் மேடையில் கேமராவை வைத்து, நுட்பத்தை இயக்கியும் நிறுத்தியும் எடுத்த படங்களை ஒப்பிட்டு இதனை அளக்கும் பொதுமுறையை 2012இல் வகுத்தது. பெட்டியில் காணப்படும் எண் இம்முறையால் பெறப்பட்டதா, எந்த ஜூம் நிலையில் பெறப்பட்டது என்று கேட்பது வாங்குபவருக்குத் தகும். மேடையின் அதிர்வு சீரானது, மனிதக் கையோ ஆளுக்கு ஆள் மாறுவது. ஆகையால் அந்த எண்ணை உறுதிமொழியாகக் கொள்ளாமல் ஒப்பீட்டுக்கான அளவுகோலாகக் கொள்வதே பொருத்தம்.

இனி இந்நுட்பத்தின் எல்லைக்கு வரலாம். பள்ளி ஆண்டுவிழா மேடையில் ஆடும் குழந்தையை அரங்கின் மங்கிய விளக்கொளியில் படமெடுக்கும்போது நிலைப்படுத்தல் 1/15 வினாடியிலும் கேமராவை அசையாமல் காத்துவிடும். குழந்தையை அது நிறுத்திவைப்பதில்லை. வினாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில், அதாவது சாதாரண நடைவேகத்தில், குறுக்கே செல்லும் ஒருவர் 1/15 வினாடிக்குள் 8 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறார். மூன்று மீட்டர் தொலைவிலிருந்து 35 மில்லிமீட்டர் கோணத்தில் எடுத்தால் படத்தின் அகலம் ஏறத்தாழ மூன்று மீட்டர் பரப்பைக் காட்டும் என்பதால், 4,000 புள்ளி அகலமுள்ள படத்தில் அந்த நகர்வு நூறு புள்ளிகளுக்கு மேல் நீண்ட கறையாகப் பதிகிறது. அதே நடையை 1/250 வினாடியில் எடுத்தால் நகர்வு அரை சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். இங்கே வேண்டுவது மிகுந்த ஒளியோ, ஒளியை அதிகம் ஏற்கும் அகன்ற துளையுடைய லென்ஸோ, பெரிய சென்சாரோ, அருகிலிருந்தால் ஃபிளாஷோ ஆகும். குழந்தைகளையும் விளையாட்டையும் படமெடுப்பதற்காகவே கேமரா வாங்குபவர் நிலைப்படுத்தலுக்குப் பணம் கொடுப்பதைவிட இவற்றுக்குக் கொடுப்பதே நலம். கோயில் சிற்பம், அருங்காட்சியகப் பொருள், அந்திநேர மலை முதலிய அசையாத காட்சிகளிலோ இந்நுட்பத்துக்கு ஈடில்லை. முக்காலிக்கு அனுமதி இல்லாத இடங்களில் அதன் அருமை நன்றாகவே தெரியும்.

வாங்குவோர் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் பெயர்களில் உள்ளது. எந்தப் பகுதியும் நகராத சில மலிவான கேமராக்களில் 'டிஜிட்டல் ஸ்டெபிலைசேஷன்', 'ஆன்டி ஷேக்', 'ஆன்டி பிளர்' போன்ற பெயர்கள் ஒட்டப்படுகின்றன. அவற்றுட் பல உண்மையில் செய்வது ஐ.எஸ்.ஓ. என்னும் ஒளியுணர்திறன் அளவை உயர்த்துவது மட்டுமே. 100இல் இருந்த அளவை 800 ஆக்கினால் ஷட்டர் எட்டில் ஒரு பங்கு நேரத்தில் மூடிக்கொள்ளும். மங்கல் குறையும் என்பதும் பொய்யன்று. ஆனால் சிறிய சென்சாரில் அந்த உயர்வு மணல் தூவினாற்போன்ற இரைச்சலைக் கொண்டுவர, அதை மறைக்கக் கேமரா படத்தை மெழுகிவிடுவதால், முடியும் தோலின் நுண்மையும் அழிந்துபோகின்றன. வேறு சிலவற்றில் இப்பெயர் காணொளிக்கு மட்டுமே உரியது. சட்டகத்தின் ஓரங்களை வெட்டி, ஒவ்வொரு காட்சித்துண்டையும் நகர்த்திப் பொருத்தும் மென்பொருள் வேலையான அது, ஒற்றைப் படத்தில் ஏற்கெனவே பதிந்துவிட்ட இழுப்பை நீக்குவதில்லை. 'ஆப்டிகல்' அல்லது 'சென்சார் ஷிஃப்ட்' என்ற சொல் விவரக்குறிப்பில் வெளிப்படையாக இல்லையெனில், மெய்யான நிலைப்படுத்தல் இல்லை என்றே கொள்வது பாதுகாப்பானது.

மெய்யான நுட்பத்துக்கும் பராமரிப்பு விதிகள் உண்டு. முக்காலியில் பொருத்தி நீண்ட நேரம் ஷட்டரைத் திறந்துவைக்கும்போது, இல்லாத அசைவைத் தேடும் கருவி தானே சிறு நகர்வை உண்டாக்கிவிடக்கூடும் என்பதால், கையேடு வேறு விதமாகக் கூறாதவரை அதை நிறுத்திவைப்பது நல்லது. இதைவிடக் கடுமையான இடர் அதிர்வினால் வருகிறது. இதே நுட்பம் கைப்பேசிகளுக்கும் பரவிவிட்ட நிலையில், உயர்திறன் மோட்டார்சைக்கிள் எஞ்சினின் அதிர்வு கைப்பிடி வழியாகக் கைப்பேசியை நேரடியாக அடைந்தால் அதன் கேமராச் செயல்திறன் குன்றக்கூடும் என்று 2021 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனமே வாடிக்கையாளர்களை எச்சரித்தது. சிறிய எஞ்சின் கொண்ட ஸ்கூட்டர்களிலும் அதிர்வைத் தணிக்கும் தாங்கியைப் பயன்படுத்துமாறு அறிவுறுத்தியது. வழிகாட்டும் வரைபடத்துக்காகக் கைப்பேசியை வண்டியின் கைப்பிடியில் பூட்டி நாள்முழுதும் ஓடும் உணவு விநியோகப் பணியாளர்களை நினைத்தால், இந்த எச்சரிக்கை எத்தனை பேரை எட்டியிருக்கும் என்ற ஐயம் எழவே செய்யும்.

கடையிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஜூமை முழுமையாக நீட்டி, வெளிச்சம் குறைந்த மூலையில் உள்ள பெட்டியின் அச்செழுத்தை நிலைப்படுத்தலை இயக்கிப் பத்துப் படங்களும், நிறுத்திப் பத்துப் படங்களும் எடுத்து, எழுத்து வாசிக்கக்கூடியதாக உள்ளவற்றை எண்ணினால் போதும். மெய்யான நுட்பமாயின் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தி ஒரு கணம் பொறுத்த பின்னரே முழுதும் அழுத்த வேண்டும். அந்தக் கணத்தில்தான் நுட்பம் நிலைகொள்கிறது. பழைய கேமரா வாங்குவோருக்கு இச்சோதனை இன்னும் அவசியம். அணைத்த நிலையில் குலுக்கினால் உள்ளே கலகலக்கும் ஓசை கேட்பது பெரும்பாலும் பழுதன்று, மிதக்கும் கண்ணாடிக்கூறு தளர்ந்திருப்பதன் அடையாளமே.

சொன்ன வசதி இல்லாத கருவி கைக்கு வந்துவிட்டால், இந்தியாவில் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு நிற்கிறது. இல்லாத தரத்தை இருப்பதாகக் கூறி விற்பதை அது முறையற்ற வணிகச் செயல் என்கிறது. ரசீது தர மறுப்பதையும், குறையுள்ள பொருளை ரசீதில் கண்ட காலத்துக்குள், அப்படிக் காலம் குறிப்பிடப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதையும் அதே வகையில் சேர்க்கிறது. விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது என்னும் அறிவிப்புப் பலகை இச்சட்டத்தை மீற முடியாது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் தண்டம் விதிக்கலாம். முதன்மை விளம்பரம் கூறுவதைச் சிறிய எழுத்துக் குறிப்பால் மறுத்துவிட்டுத் தப்பிக்க முயல்வதற்கு 2022 ஜூனில் வெளியான வழிகாட்டு நெறிமுறைகள் இடந்தருவதில்லை.

எனினும் சட்டத்தின் வலு சான்றின் வலுவைப் பொறுத்தது. ஆள் அசைந்ததால் மங்கிய படத்தைக் காட்டிக் கேமராவைக் குறைகூறும் புகார் நிற்காது. விவரக்குறிப்பில் 'ஆப்டிகல்' என்று அச்சிட்டிருந்தும் வெறும் ஐ.எஸ்.ஓ. உயர்வு மட்டுமே இருக்கிறது என்ற புகார் நிற்கும். ஆகவே பெட்டி, ரசீது, விற்பனைப் பக்கத்தின் திரைப்பதிவு ஆகியவற்றோடு, ஷட்டர் வேகமும் ஐ.எஸ்.ஓ. அளவும் உள்ளுறைந்திருக்கும் மூலப் படக்கோப்புகளையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பிய பிரதியில் அவ்விவரங்கள் நீங்கிவிடும். முதலில் கடைக்கோ இணையவழி விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கோ எழுத்தில் தெரிவிப்பது முறை. அவ்வலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். பயனில்லையெனில் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதன் பின்னரும் தீராதபோது, வாங்குபவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே, வழக்கறிஞர் இல்லாமலும் முறையிடலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலைகொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் ஏதுமில்லை. பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு. முறையீட்டுக்கான காலவரம்பு, காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள்.