ஏசிக்கொண்டே வாங்குவது ஏன்?

சென்ற திங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மும்பையில் செம்பூர்ப் பகுதியில் வாழும் நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். காப்பி அருந்திக்கொண்டிருக்கையில், உள்ளறையிலிருந்து அவருடைய மகனின் குரல் உரக்கக் கேட்டது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளை. கம்ப்யூட்டரின் முன் அமர்ந்து, எங்கோ இருக்கும் தோழர்களிடம் ஒரு வீடியோ விளையாட்டு நிறுவனத்தை வாயார வைதுகொண்டிருந்தான். "பேராசைக்காரர்கள்; போன ஆண்டுச் சரக்குக்கே புது உறை போட்டு விற்கிறார்கள்" என்பன போன்ற சொற்கள் எங்கள் காதில் விழுந்தன. அரைமணி நேரம் கழித்து அவனே வெளியே வந்தான். "அப்பா, அந்த விளையாட்டின் புதிய பதிப்பு வருகிறது. முன்பதிவு செய்ய நாலாயிரம் ரூபாய் வேண்டும்" என்றான்.

நண்பர் என் பக்கம் திரும்பினார். "கேட்டீர்களா? மளிகைக் கடைக்காரர் ஒருமுறை எடை குறைத்தால், மறுமாதம் நாம் வேறு கடைக்குப் போகிறோம். இவனோ கொள்ளையன் என்று ஏசுகிறான். அந்தக் கொள்ளையனிடமே பணத்தைக் கொடுக்க வேண்டும் என்றும் கேட்கிறான். இந்த அறிவு கூடவா இல்லை?" என்றார். பையன் முகம் வாடி, "மாமா, உங்களுக்காவது புரிகிறதா?" என்றான்.

எனக்கும் அன்று புரியவில்லை. பின்னர் அவனோடு பேசியும், படித்தும் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். இத்தகைய வழக்கு நிகழாத இல்லம் இன்று நம்மவரிடையே குறைவு அன்றோ?

ஆக்குவோரும் விற்போரும்

முதலில் ஒரு வேறுபாட்டை உணர வேண்டும். விளையாட்டை ஆக்குவோர் வேறு. பொருள் முதலீடு செய்து அதனை வெளியிடுவோர் வேறு. நூலாசிரியருக்கும் பதிப்பகத்தாருக்கும் உள்ள உறவு போன்றது இது. ஆடுவோரின் அன்பு முன்னவரைச் சேர்கிறது; சினம் பின்னவர்மேல் பாய்கிறது. ஆனால் பணம் செல்லும் வாயில் ஒன்றுதான்.

இந்தப் பிணக்கு இத்தொழிலின் தொடக்கத்திலேயே இருந்தது. 1979-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் அட்டாரி நிறுவனத்தில் பணிபுரிந்த நான்கு நிரலாளர்கள் வெளியேறினர். அவர்கள் ஆக்கிய விளையாட்டுகள் பெரும்பொருள் ஈட்டின; ஆயினும் பெட்டியின்மேல் அவர்கள் பெயரும் இல்லை, விற்பனையில் பங்கும் இல்லை. அவர்கள் சேர்ந்து தொடங்கியதே ஆக்டிவிஷன். ஆக்கியவர் பெயரை உறையில் அச்சிட்டுப் பெருமைப்படுத்திய நிறுவனம் அது. 1982-இல் தோன்றிய எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனமும் ஆக்குவோரைக் கலைஞர் என்றே போற்றியது. கிராமபோன் இசைத்தட்டின் உறை போன்ற அழகிய உறைகளில் தன் விளையாட்டுகளை வெளியிட்டது.

இன்று விளையாட்டு அன்பர்கள் மிகுதியாக ஏசும் பெயர்களுள் இவ்விரண்டும் அடங்கும்! ஆக்டிவிஷன் பெருகிப் பெருகி, 2023 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தால் 6,870 கோடி டாலர் அளவில் விலை பேசி வாங்கப்பட்டது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தை, அமெரிக்காவின் மிக மோசமான நிறுவனம் என்று கன்ஸ்யூமரிஸ்ட் என்னும் நுகர்வோர் இணைய இதழின் வாசகர்கள் 2012, 2013 ஆகிய ஈராண்டுகளிலும் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தனர். இறுதிச் சுற்றில் அதனோடு போட்டியிட்டது ஒரு பெரிய வங்கி. வீட்டுக் கடன் நெருக்கடியில் எத்தனையோ குடும்பங்கள் இல்லம் இழந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. அப்போதும் வங்கியைவிட விளையாட்டு நிறுவனமே மிகுதியான சினத்திற்கு ஆளாயிற்று. அதே ஆண்டுகளில் அந்நிறுவனத்தின் கால்பந்து விளையாட்டு லட்சக்கணக்கில் விற்பனையாகிக்கொண்டும் இருந்தது.

குறைகள் யாவை?

சினம் வெறும் பிள்ளை விளையாட்டுக் கோபம் என்று தள்ளிவிடுவதற்கில்லை. காரணங்கள் உண்டு.

புகழ்பெற்ற சிறு ஆக்கக்கூடங்களைப் பெருநிறுவனம் விலைக்கு வாங்குவதும், சில ஆண்டுகளில் அவற்றை மூடிவிடுவதும் முதற்காரணம். எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வாங்கிய புல்ஃப்ராக், வெஸ்ட்வுட், பண்டெமிக் முதலியவை இவ்வாறு மறைந்தன. ஊழியர் படும் பாடும் வெளியே தெரியவந்தது. 2004-இல் அந்நிறுவன ஊழியர் ஒருவரின் துணைவி, இரவு பகல் பாராத வேலையால் தம் இல்வாழ்வு குலைவதைப் பெயர் குறிப்பிடாமல் எழுதினார். அது உலகெங்கும் படிக்கப்பட்டது. ஊழியர் தொடுத்த வழக்குகளில் நிறுவனம் பெரும்பொருள் ஈடாகக் கொடுக்க நேர்ந்தது.

அடுத்தது, முழு விலை வாங்கிய பின்னரும் உள்ளே மீண்டும் காசு கேட்பது. 2006 ஏப்ரலில் பெதஸ்டா நிறுவனம் 'ஆப்லிவியன்' என்னும் தன் விளையாட்டில் வரும் குதிரைக்குக் கவசம் ஒன்றை இரண்டரை டாலருக்கு விற்றது. ஓடும் குதிரையின் அழகுக்கு அன்றி வேறு பெரும்பயன் இல்லாத கவசம். உலகமே நகைத்தது, நகைத்தவருள்ளும் வாங்கினோர் உண்டு. 2025-இல் அதே விளையாட்டைப் புதுப்பித்து வெளியிட்டபோது, கூடுதல் விலைப் பதிப்பில் புதிய குதிரைக் கவசங்களையும் சேர்த்தே விற்றனர். நகைப்பினால் வாணிகத்திற்கு நட்டம் நேர்வதில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அதற்கு அடுத்த படி 'லூட் பாக்ஸ்' எனப்படும் அதிர்ஷ்டப் பெட்டி. காசு கொடுத்துத் திறந்தாலன்றி உள்ளே இருப்பது தெரியாது. விரும்பிய பொருள் கிட்டும்வரை மீண்டும் மீண்டும் வாங்க வேண்டியதே. நம் நாட்டுக் கோயில் திருவிழாக் கடைகளில் சீட்டுக் கிழிக்கும் ஆட்டத்தைக் கண்டவர்க்கு இதன் சூட்சுமம் விளங்கும்.

எல்லாவற்றினும் ஆழமான குறை உடைமை பற்றியது. யூபிசாஃப்ட் நிறுவனம் 2014 டிசம்பரில் 'தி க்ரூ' என்னும் கார்ப்பந்தய விளையாட்டை வெளியிட்டது. 2024 மார்ச் 31-ஆம் நாள் அதன் சர்வர்களை நிறுத்திவிட்டது. அன்றுமுதல், பணம் கொடுத்து வாங்கியவரும், தனியே ஆட விரும்பியவரும், ஒருவரும் அதனை ஆட இயலவில்லை. அலமாரியில் உள்ள நூலைப் பதிப்பகத்தார் வந்து எடுத்துச் செல்வதில்லை. இங்கோ வாங்கியதாக நாம் எண்ணுவது உடைமையன்று. திரும்பப் பெறத்தக்க ஓர் அனுமதியே.

வெளியீட்டாளர் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. பெரிய விளையாட்டொன்றை ஆக்க நூற்றுக்கணக்கானோர் பல ஆண்டுகள் உழைக்க வேண்டும். 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' விளையாட்டின் இரண்டாம் பகுதிக்கு ஏறத்தாழ 22 கோடி டாலர் செலவாயிற்று என்பது 2023-இல் அமெரிக்க நீதிமன்ற ஆவணம் ஒன்றால் வெளிப்பட்டது. விளையாட்டு தோற்றால் அத்தனையும் நட்டம். மேலும், அமெரிக்காவில் 2005-ஐ ஒட்டி 60 டாலர் என்று நிலைபெற்ற விலை, 2020 அளவிலேதான் 70 டாலராக உயரத் தொடங்கியது. வாயிலில் விலையை உயர்த்தத் துணியாதவர், உள்ளே சிறுகச் சிறுக வாங்கத் தலைப்பட்டனர்.

வேறு கடை இல்லை

இனி நண்பரின் வினாவுக்கு வருவோம். மளிகைக் கடையை மாற்றுவதுபோல் இதனை ஏன் மாற்றவில்லை?

ஒரு கடையின் துவரம்பருப்புக்கு மறு கடையின் துவரம்பருப்பு ஈடாகும். ஒரு விளையாட்டுக்கு மற்றொன்று ஈடாவதில்லை. பத்தாண்டுகளாகப் பழகிய கதை, ஊர், மாந்தர் ஆகியவை ஒரே நிறுவனத்தின் உரிமைக்கு உட்பட்டவை. வேறு எங்கும் அவை கிடைக்கமாட்டா.

இதனினும் வலிய காரணத்தைப் பையனே எனக்குச் சொன்னான். என் நண்பர் மூன்று ஆண்டுகளுக்கு முன் நாக்பூரிலிருந்து மும்பைக்கு மாற்றலாகி வந்தவர். பையனின் பள்ளித் தோழர் நால்வர்; ஒருவன் நாக்பூரிலேயே இருக்கிறான், மற்றவர் புணே, பெங்களூர், கோயம்புத்தூர் என்று சிதறிவிட்டனர். ஐவரும் இரவு ஒன்பது மணிக்கு அந்த விளையாட்டில் கூடுகின்றனர். "மாமா, அவர்கள் புதிய பதிப்புக்குப் போய்விட்டால், நான் பழையதில் தனியாக யாரோடு ஆடுவேன்?" என்றான். ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் குடும்பங்கள் இதனை உணராதிருக்க முடியாது. அவன் நாலாயிரம் ரூபாய் கேட்டது விளையாட்டுக்காக மட்டுமன்று. தோழர் கூடும் திண்ணைக்காக. திண்ணையின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை நிறுவனம் நன்கறியும்.

2009-ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்று இதனைத் தெளிவாக்கும். ஆக்டிவிஷன் வெளியிட இருந்த 'மாடர்ன் வார்ஃபேர் 2' விளையாட்டில், ஆடுவோர் தாமே சர்வர் அமைத்துக்கொள்ளும் வசதியைக் கம்ப்யூட்டர்ப் பதிப்பிலிருந்து நீக்கினர். லட்சத்துக்கும் மேற்பட்டோர் எதிர்ப்பு மனுவில் கையொப்பமிட்டனர். ஸ்டீம் என்னும் இணையக் கடையில் 'புறக்கணிப்போர் குழு' ஒன்றும் அமைந்தது. நவம்பர் 10-ஆம் நாள் விளையாட்டு வெளிவந்தது. அன்று அக்குழுவின் பட்டியலைப் பார்த்தவர்கள், உறுப்பினருள் பலர் அதே விளையாட்டை ஆடிக்கொண்டிருப்பதைக் கண்டனர்! முதல் நாளில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் மட்டும் 47 லட்சம் படிகள் விற்றன. அவர்களைப் பொய்யர் எனல் பொருந்தாது. ஒவ்வொருவரும் தனித்தனியே தம் தோழரைப் பிரிய அஞ்சினர் என்பதே பொருத்தம்.

திருவள்ளுவர் காமத்துப்பாலின் இறுதி மூன்று அதிகாரங்களையும் ஊடலுக்கே ஒதுக்கியிருக்கிறார். அன்பில்லாதவர்மேல் யாரும் ஊடுவதில்லை. விளையாட்டு அன்பரின் ஏச்சிலும் ஊடலின் சாயல் உண்டு; அயலாரைத் துன்புறுத்திய வங்கியைவிடத் தாம் நேசித்த ஒன்றைக் கெடுத்தவர்மேல் மிகுதியாகச் சினந்தது அதனாலேயே. ஆனால் ஊடல் பயன் தருவது இருபாலும் அன்பு உள்ளபோதுதான். நிறுவனம் காதலி அன்று. கணக்கேட்டில் வரவு குறையாத வரையில், ஏச்சு அதன் செவியில் ஏறுவதில்லை.

கோபம் எங்கே பலித்தது?

வரவு குறையும் என்ற அச்சம் எழுந்த இடங்களில் ஏறியிருக்கிறது. 2017 நவம்பரில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்ட 'ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2' விளையாட்டில், டார்த் வேடர் போன்ற பெருவீரர்களைப் பெற நெடுநேரம் ஆட வேண்டியிருந்தது. காசு கொடுத்துப் பெட்டி திறப்போர்க்கோ வழி எளிதாயிற்று. நிறுவனம் அளித்த விளக்கத்தை ரெடிட் தளத்தில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்வாக்குகள் தாக்கின. வெளியீட்டு நாளுக்கு முன்னிரவே காசு வாங்கும் ஏற்பாட்டை நிறுவனம் நிறுத்திவைத்தது. விற்பனையும் எதிர்பார்த்த அளவை எட்டவில்லை. மறு ஆண்டு பெல்ஜியம் அரசின் சூதாட்ட ஆணையம், சில விளையாட்டுகளின் அதிர்ஷ்டப் பெட்டிகள் சூதாட்டமே என்று கூறியது. கலிஃபோர்னியாவில் 2025 தொடக்கம் முதல், அனுமதியை மட்டும் விற்பவர், அதனை வெளிப்படையாகச் சொல்லாமல் 'வாங்குக' என்று விளம்பரம் செய்தல் சட்டப்படி தவறு. 'தி க்ரூ' நிறுத்தப்பட்டதைத் தொடர்ந்து, விற்ற விளையாட்டுகளைச் செயலிழக்கச் செய்வதைத் தடுக்கக் கோரி ஐரோப்பாவில் எழுந்த குடிமக்கள் மனுவில் 2025 ஜூலைக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர்.

பலித்தவை மூன்று: சட்டம், கூட்டு முயற்சி, விற்பனைக் குறைவு.

இல்லத்தில் செய்யத்தக்கது

நம்மால் இயல்வது என்ன? முன்பதிவு செய்யாதிருத்தலே முதல் படி. கடையில் வட்டுகள் தீர்ந்துபோகும் என்ற அச்சம் இருந்த காலத்தில் முன்பதிவுக்குப் பொருள் இருந்தது. இணையத்தில் இறக்கிக்கொள்ளும் சரக்கு ஒருநாளும் தீர்வதில்லை. குறையுள்ளதோ நிறைவுள்ளதோ என்று அறியுமுன் பணத்தைக் கொடுப்பவர், தம் கையிலுள்ள ஒரே வலிமையையும் கொடுத்துவிடுகிறார். வாங்கிய பின்னும் பிடிக்காவிடில் மீட்க வழியுண்டு. ஸ்டீம் கடை 2015 முதல், பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்திற்கு மேல் ஆடாதவர்க்குப் பணத்தைத் திருப்பித் தருகிறது. தன் விளையாட்டைத் தானே வெளியிடும் ஆக்கக்கூடங்களும் உண்டு. 2023-இல் பெரும்புகழ் பெற்ற 'பால்டர்ஸ் கேட் 3' விளையாட்டை ஆக்கிய லேரியன் நிறுவனத்தாரே வெளியிட்டனர். உள்ளே மறுபடி காசு கேட்கவும் இல்லை.

பெற்றோர்க்கும் ஒரு சொல். "ஏசுகிறாய், ஏன் வாங்குகிறாய்?" என்று கேட்பதற்கு முன், "யாரோடு ஆடுகிறாய்?" என்று கேட்டறிதல் நன்று.

இதனை எல்லாம் நண்பரிடமும் பையனிடமும் சொன்னேன். சென்ற வாரம் நண்பர் தொலைபேசியில் அழைத்தார். ஐந்து பிள்ளைகளும் கலந்து பேசி, புதிய பதிப்பு வெளிவந்து ஒரு மாதம் ஆகும்வரை ஒருவரும் வாங்குவதில்லை என்றும், அதுவரை பழையதிலேயே கூடுவது என்றும் முடிவு செய்திருக்கிறார்களாம். தனியே ஒருவனால் இயலாதது ஐவர் சேர்ந்தால் இயலும் போலும். "அந்த உறுதி எத்தனை நாள் நிற்கும் என்று பார்ப்போம்" என்று நண்பர் சிரித்தார். நாலாயிரம் ரூபாயை அவர் தனியே எடுத்து வைத்திருக்கிறார்.