"அவ என்கிட்ட பேசலம்மா": கல்லூரி நட்பில் வரும் பிணக்கு

விடுதியிலிருந்து மகள் போன் செய்கிறாள். குரல் கம்மியிருக்கிறது. "ரூம்மேட் ரெண்டு நாளா என்கிட்ட பேசலம்மா." நாமோ, "இதுக்கெல்லாமா அழுவாங்க? படிக்கிற வேலையைப் பாரு" என்று சொல்லி வைத்துவிடுகிறோம். ஆனால் வீட்டை விட்டு முதன்முறையாகத் தள்ளி இருக்கும் பிள்ளைக்கு, சாப்பாட்டுத் துணையும் காய்ச்சல் வந்தால் கஞ்சி வாங்கித் தரும் ஆளும் அந்தத் தோழிதான். அது சின்ன விஷயம் அல்ல.

ஒரே மாதிரியான சண்டையில் ஒரு பிள்ளை துடிக்கிறது, இன்னொன்று கதவைச் சாத்திக்கொள்கிறது. ஏன்?

பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பவுல்பி, சிறு வயதில் தன்னை வளர்ப்பவரோடு குழந்தைக்கு ஏற்படும் பிணைப்பு, பிற்கால உறவுகளிலும் தொடர்கிறது என்றார். அவரோடு பணியாற்றிய மேரி எய்ன்ஸ்வொர்த், ஒரு வயதுக் குழந்தைகளைத் தாயிடமிருந்து சில நிமிடங்கள் பிரித்துவைத்து, தாய் திரும்பி வரும்போது கவனித்தார். சில குழந்தைகள் தாயிடம் ஒட்டிக்கொண்டு, சமாதானமாகி, விளையாடப் போயின. சில, தூக்கிய பிறகும் அழுகையை நிறுத்தவில்லை. சில, தாயைக் கண்டும் காணாததுபோல் இருந்தன.

1991-ல் பார்த்தலோமியூ, ஹொரோவிட்ஸ் என்ற இருவர் கல்லூரி மாணவர்களை ஆராய்ந்து நான்கு வகைகளைச் சொன்னார்கள். நட்பில் பிணக்கு வரும்போது அவை இப்படித் தெரியும்:

1. பாதுகாப்பாக உணர்பவர்: "நீ சொன்னது எனக்கு வலிச்சுது" என்று நேராகச் சொல்வார். சண்டை வந்தாலும் நட்பு போய்விடாது என்ற நம்பிக்கை இருக்கும்.

2. பதறுபவர்: பதில் வரும்வரை மெசேஜ் மேல் மெசேஜ் அனுப்புவார். தப்பே செய்யாவிட்டாலும் மன்னிப்புக் கேட்பார்.

3. ஒதுங்குபவர்: "எனக்கு யாரும் வேண்டாம்" என்று போனை அணைத்துவிடுவார்.

4. அஞ்சி விலகுபவர்: நெருக்கம் வேண்டும், ஆனால் காயப்படுவோமோ என்று பின்வாங்குவார்.

பதறுபவரும் ஒதுங்குபவரும் நண்பர்களானால் சிக்கல் முற்றும். ஒருவர் துரத்தத் துரத்த மற்றவர் விலகுவார். அவர் விலக விலக இவர் இன்னும் துரத்துவார். இருவருமே கெட்டவர்கள் அல்லர்.

இதற்கு வழி என்ன? பதறுபவர் ஒரே ஒரு செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருக்கப் பழக வேண்டும். ஒதுங்குபவர் மௌனமாகப் போகாமல், "இப்ப கோபமா இருக்கேன், நாளைக்கு சாயங்காலம் பேசலாம்" என்று நேரம் சொல்லிவிட்டு, சொன்னபடி பேச வேண்டும். சகோதரருடன் மூன்று நாட்களுக்கு மேல் பேசாமல் இருக்கக் கூடாது என்றும், முதலில் ஸலாம் சொல்பவரே சிறந்தவர் என்றும் நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தது இங்கே நினைவுக்கு வர வேண்டும். கோபம் ஆற அவகாசமும் உண்டு, அதற்கு ஓர் எல்லையும் உண்டு.

பெற்றோர் முதலில் செய்ய வேண்டியது, குறுக்கிடாமல் கேட்பது. தீர்ப்பு சொல்லவோ, அந்தத் தோழியின் வீட்டுக்குப் போன் போடவோ அவசரப்பட வேண்டாம். "நீ அவகிட்ட என்ன சொல்லணும்னு நினைக்கிற?" என்று கேளுங்கள்.

இந்த வகைகள் நோயும் அல்ல, தலையெழுத்தும் அல்ல. நம்பகமான ஒரு நட்பு இவற்றை மாற்றும். ஆனால் மிரட்டுவதும் அவமானப்படுத்துவதும் இந்தக் கணக்கில் வராது. அங்கே விலகுவதே சரி. பிள்ளை பல நாட்களாகத் தூங்காமல், சாப்பிடாமல் இருந்தால் மனநல ஆலோசகரிடம் அழைத்துச் செல்லத் தயங்காதீர்கள்.

அடுத்த முறை மகள் அழுதுகொண்டே போன் செய்தால், "என்னம்மா நடந்துச்சு, சொல்லு" என்று தொடங்குங்கள்.